தெளிப்பான் பேட்டரி: விலையை மட்டும் பார்க்காதீர்கள்

பென்னலூர் பக்கம் மருந்தடிக்க ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்ட் போகிறவரைக் கூப்பிட முடியுமா? பேட்டரி தெளிப்பான்தான் கை கொடுக்கிறது. பெரும்பாலும் அதில் இருப்பது 12 வோல்ட் சீல்டு பேட்டரி. தண்ணீர் ஊற்றும் வேலையில்லை. போனால் மாற்ற வேண்டியதுதான்.

கடைக்குப் பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வோல்ட், ஆம்பியர்-ஹவர், அளவு, முனைகள் ஒத்திருக்க வேண்டும். இரண்டையும் தூக்கிப் பாருங்கள். ஈயம் குறைந்தால் எடையும் குறையும். ஸ்டிக்கரில் எதையும் அச்சடிக்கலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தயாரிப்பு மாதத்தையும் கேளுங்கள், அலமாரியில் கிடந்தாலே சார்ஜ் இறங்கும். மீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். லித்தியம் எடை குறைவு, நல்லதுதான். ஆனால் பழைய சார்ஜரை அதில் மாட்டாதீர்கள்.

உண்மையில் பல பேட்டரிகளைக் கொல்வது நாம்தான். நவரைக்கு அடித்துவிட்டு, சார்ஜ் தீர்ந்த தெளிப்பானை மூலையில் போடுகிறோம். சொர்ணவாரிக்கு எடுக்கும்போது ஈயத் தகட்டில் சல்பேட் இறுகியிருக்கும். பிறகு சார்ஜ் ஏறாது. அடித்த அன்றே சார்ஜ் போடுங்கள், சும்மா கிடக்கும்போது மாதம் ஒருமுறை.

பழையதை வாய்க்காலில் வீசாதீர்கள்; ஈயம் நஞ்சு. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு. கடையிலேயே கொடுத்து, விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.