ஆறு மாசம் டைம்!

வருஷா வருஷம் ஏப்ரல் வந்தா, கனகசெட்டிக்குளம் பேர் பேப்பர்ல வந்துடும். மீன்பிடித் தடைக்கால அறிவிப்பு! புதுச்சேரிக் கடற்கரையில் வடக்கே இந்த ஊரில் ஆரம்பித்து தெற்கே மூர்த்திக்குப்பம் பக்கம் வரைக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு கரையேறும், வலையைப் பிரித்துச் சரி பண்ணுவார்கள், என்ஜின் வேலை நடக்கும்.

ஏறக்குறைய அதே நாட்களில்தான் உங்களில் பல பேருக்கு ஃபைனல் இயர் முடியுது. காலாப்பட்டு யுனிவர்சிட்டியோ, பிள்ளைச்சாவடி இன்ஜினீயரிங் காலேஜோ (2020-லிருந்து அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்!), எங்கே படிச்சாலும் சரி. தடை முடிஞ்ச மறுநாள் காலையில் என்ன வேலைன்னு படகுக்காரருக்குத் தெரியும். உங்களுக்கு? கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியப்பா 'அடுத்து என்னப்பா?'ன்னு கேட்டதும் சாம்பார் வாளியைத் தேடுற ஆள்தானே நீங்க!

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் இந்த மண்ணுக்கே வந்தது. கனகசெட்டிக்குளமும் அப்போ பிரெஞ்சுப் பகுதி. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேரலாம்னு 170 பேர், வேண்டாம்னு 8 பேர். நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. கதை முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்களா? அதான் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28-ல். அதுக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுக்கவே இழுத்தடிச்சது. அல்ஜீரியப் போர் வேற நடுவுல. கடைசியில் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி மாற்றம். ஆளுவது இந்தியா, சட்டப்படி பிரான்ஸ் என்று கிட்டத்தட்ட எட்டு வருஷம்! பரீட்சை எழுதி முடிச்சு டிகிரி சர்ட்டிஃபிகேட் வராம இருக்கிற நிலைமைன்னு வெச்சுக்குங்களேன்.

அப்புறம்தான் க்ளைமாக்ஸ். இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லாரும் இனி இந்தியர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். 1963 பிப்ரவரி நடுவோட கதவு மூடிடும். கல்யாணம் ஆகாத, 18 வயசு நிறையாத பிள்ளைகளுக்கு அப்பா எடுக்கிற முடிவுதான் முடிவு. யோசிச்சுப் பாருங்க. வீட்டுல 17 வயசுத் தம்பி நிம்மதியா கோலி விளையாடலாம், அப்பா பார்த்துப்பார். 19 வயசு அண்ணன் தானே உட்கார்ந்து முடிவு பண்ணணும். ஒரே வீட்டுல ரெண்டு தேசம்கூட வரலாம்.

கையெழுத்துப் போட்டவங்க கொஞ்சம் பேர்தான். பிரெஞ்சு ராணுவம், அரசு வேலைன்னு தொடர்பு இருந்த குடும்பங்கள் அதில் அதிகம். அந்த வாரிசுகள் இன்னிக்கும் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் பாண்டியிலிருந்தே ஓட்டுப் போடுறாங்க. போடாதவங்களில் 'நான் இந்தியன்தான்'னு நெஞ்சை நிமிர்த்தி இருந்தவங்க உண்டு. அவங்களுக்கு ஒரு சல்யூட்! ஆனா, ஃபார்ம் பக்கமே எட்டிப் பார்க்காம இருந்த ஒருத்தருக்கும் அதே ரிசல்ட்தான். அவர் சும்மா இருந்தார், ஆறு மாசம் சும்மா இருக்கலை.

நம்மகிட்டேயும் இந்தச் சும்மா இருக்கிற முடிவுகள் நிறைய. ரூம்மேட் சேர்ந்த கோச்சிங் சென்டர்ல நாமும் பணம் கட்டுறது. கேம்பஸுக்கு முதல்ல வந்த கம்பெனிக்குத் தலையாட்டுறது. ரொம்பப் பிரபலமானது, 'ஒரு வருஷம் பார்க்கலாம்'. தாராளமா பாருங்க பாஸ், நான் தடுக்கலை. எதைப் பார்க்கப் போறீங்க, எந்தத் தேதி வரைக்கும், அதுவரை சாப்பாட்டுக்கு யார் காசு, வீட்டுல சொல்லியாச்சா... இதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் கீழே கையெழுத்துப் போடுங்க. 1962 ஃபார்ம் மாதிரி இது ஒரே தடவை கிடைக்கிற ஃபார்மும் இல்லை. பி.காம் முடிச்சவர் ரெண்டு வருஷம் கணக்கு எழுதிட்டு அப்புறம் மூணு வருஷ சட்டப் படிப்புக்குப் போகலாம். போயிருக்காங்க.

ஆனா இந்த வசதி எல்லாருக்கும் இல்லை. கனகசெட்டிக்குளம் ஸ்டாப்பைத் தாண்டி ஈ.சி.ஆரில் வடக்கே போனா தமிழ்நாடு வந்துடும். அங்கே கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 2021-லிருந்து இந்த மாதிரி முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்னு பேர். தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்து வளர்ந்து, நம்மள மாதிரியே டிகிரி முடிச்சவங்க நிறைய பேர். குடியுரிமை கிடைக்காத வரைக்கும் இந்திய பாஸ்போர்ட் கிடையாது, அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. அவங்ககிட்ட ஒரு ஃபார்மை நீட்டி, ஆறு மாசம் டைம், எந்த நாடு வேணும்னு சொல்லுன்னு யாரும் கேட்டதில்லை.

அப்படி ஒருத்தர் உங்க க்ளாஸ்லயே இருக்கலாம். கேன்டீன்ல 'அடுத்து என்ன மச்சி?'ன்னு ஆரம்பிக்கிறப்போ, கொஞ்சம் நேரம் எடுத்து அவர் சொல்றதை முழுசா கேளுங்க.