பழைய நாற்காலி ஏற்றிகளை என்ன செய்வது?

பனிச்சறுக்கு மலைகளுக்குச் செல்வோரில் மிகப் பலர் தம்மை மேலே கொண்டு செல்லும் ஏற்றியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அமர்கிறார்கள், இறங்குகிறார்கள், சறுக்கிக் கீழே வந்து மீண்டும் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு சிறு கூட்டத்தார் மட்டும் மலையை விட்டுவிட்டு ஏற்றியைப் பார்க்க வருகிறார்கள். தூண்களை எண்ணுவதும், கப்பிகளின் ஓசையைக் கேட்டே எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று சொல்வதும், கழற்றி எறியப்படவிருக்கும் ஏற்றியில் கடைசி முறையாக அமர்ந்துவிட நெடுந்தொலைவு பயணம் செய்வதும் இவர்களது வழக்கம். நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. எனவே நம்மவர்களுக்குள் ஓயாமல் நடக்கும் ஒரு வழக்கில் நமது தரப்பை இங்கே சொல்லிவிட விரும்புகிறோம். பழைய ஏற்றிகளைக் காக்க வேண்டுமா, போக விட வேண்டுமா?

முதலில் சிறிது வரலாறு. 1934ஆம் ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்ற பொறியாளர் அமைத்த இழுவை ஏற்றி, சறுக்குவோரைத் தரையிலேயே வைத்து இழுத்துச் சென்றது. இரண்டே ஆண்டுகளில், 1936ல், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் மனிதரைத் தரையிலிருந்து தூக்கியது. அந்நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கரன், அதற்கு முன் வாழைக்குலைகளைக் கப்பலில் ஏற்றும் கம்பிவட அமைப்பில் பணியாற்றியவர். குலை தொங்கிய கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியைத் தொங்கவிட்டால் என்ன என்று எண்ணினார். சேர்லிஃப்ட் எனப்படும் நாற்காலி ஏற்றி பிறந்த கதை இதுதான். இன்று கண்ணாடிக் கூண்டும் சூடேற்றிய இருக்கையுமாக மாறியிருந்தாலும், குலைக்குப் பதில் மனிதன் என்ற அந்த எளிய எண்ணமே இன்றளவும் மேலே போய்க்கொண்டிருக்கிறது.

அதன் இயக்கமும் எளியதே. மலையடியில் ஒரு பெருஞ்சக்கரம், உச்சியில் ஒன்று. இரண்டையும் சுற்றி முனையே இல்லாத ஓர் எஃகு வடம். முனையில்லை என்றால் முடிச்சும் இல்லை. வடத்தின் விட்டத்தைப் போல் சுமார் 1,200 மடங்கு நீளத்துக்கு இரு நுனிகளின் புரிகளையும் பிரித்து, நடுவிலுள்ள நார்க் கருவை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் புரிகளைச் செருகிப் பின்னுகிறார்கள். 40 மில்லிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர் நீளப் பின்னல். முடித்தபின் இணைப்பு எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வேலையைச் செய்யும் கைகள் உலகில் மிகச் சிலவே.

வடத்தை நாற்காலி பற்றும் விதத்தில்தான் இரண்டு குலங்கள் பிரிகின்றன. நிலைப்பிடி ஏற்றியில் நாற்காலி வடத்தை விடுவதே இல்லை. ஆகவே நாம் அமரும் வேகத்தில்தான் வடமும் ஓட வேண்டும். விநாடிக்கு இரண்டரை மீட்டர் போனால் அதிகம். கழலும் பிடி ஏற்றியிலோ நிலையத்துக்குள் நுழைந்ததும் நாற்காலி வடத்தை விட்டு மெல்ல ஊர்கிறது. ஆளை ஏற்றிக்கொண்டு மீண்டும் வடத்தைப் பற்றி விநாடிக்கு ஐந்து மீட்டரில் விரைகிறது. 1981ல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் ஆஸ்திரியாவின் டாப்பல்மையர் நிறுவனம் அமைத்த நால்வர் ஏற்றியோடு இந்த அதிவேகக் குலம் அரியணை ஏறியது.

வேகம் கூடினால் கூடுதல் பேரை ஏற்றலாம் என்று பலரும் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆறு விநாடிக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு நால்வர் என்றால் மணிக்கு 2,400 பேர். வடம் விநாடிக்கு இரண்டரை மீட்டர் ஓடினால் நாற்காலிகளுக்கிடையே 15 மீட்டர். ஐந்து மீட்டர் ஓடினால் 30 மீட்டர். உச்சியை அடைவோர் தொகை இரண்டிலும் ஒன்றே. வேகம் மிச்சப்படுத்துவது பயண நேரத்தை மட்டுமே. அந்த நேரம் வரிசையில் நிற்பதற்கும் சரிவில் நெரிவதற்கும் இடம் மாறுகிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இனி வழக்குக்கு வருவோம். இரண்டு மலைகளை எடுத்துக்கொள்வோம்.

சுவிட்சர்லாந்தின் சோலோதூர்ன் அருகே ஓபர்டார்ஃபிலிருந்து வைசென்ஸ்டைன் மலைக்கு 1950ல் ஓர் ஏற்றி அமைந்தது. ஃபான் ரோல் நிறுவனத்தின் விஆர் 101 வகை. இருவர் அமரும் நாற்காலி, மேலே சிறு கூரை. அமர்ந்தவர் மலையைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் திரும்பி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மேலே போவார். கழலும் பிடி 1981ல்தான் பிறந்தது என்று நம்புவோர் அறிய வேண்டியது, இவ்வகை ஏற்றியில் 1945லேயே அது இருந்தது என்பது. 2009ல் வைசென்ஸ்டைன் ஏற்றி நின்றது. மரபு காக்கும் அமைப்பினர் நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். 2014 டிசம்பரில் அதே மலையில் மூடிய கூண்டு கொண்ட கொண்டோலா ஓடத் தொடங்கியது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மேட் ரிவர் கிளென்னில் 1948ல் அமைந்தது ஒருவர் நாற்காலி ஏற்றி. அம்மலையை 1995ல் சறுக்குவோரே கூட்டுறவு அமைத்து வாங்கினர். ஏற்றிக்கு அறுபது வயது நெருங்கியபோது, இருவர் நாற்காலி போடுவதா, ஒருவர் நாற்காலியையே புதுப்பிப்பதா என்ற கேள்வி எழுந்தது. புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. நன்கொடை திரட்டினார்கள். 2007ல் தூண்களைக் கழற்றி, துரு போக்கி, வண்ணம் பூசி, புதிய அடித்தளங்களில் மீண்டும் நட்டார்கள். இயக்கும் பொறிகள் புதிதாயின. எட்டு விநாடிக்கு ஒரு நாற்காலி என்று வைத்தாலும் மணிக்கு 450 பேருக்கு மேல் இத்தகைய ஏற்றி கொண்டு சேர்க்காது. அவர்கள் வேண்டியதும் அதுவே. சரிவில் கூட்டம் பெருகக் கூடாது என்று விரும்பியே இருக்கையைப் பெருக்க மறுத்தார்கள்.

நம்மவர்கள் பலர் முதற்கதையைத் துரோகம் என்றும் இரண்டாவதை வெற்றி என்றும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நமக்கு அவ்வளவு எளிதாகப் படவில்லை.

வைசென்ஸ்டைனில் புதிய கூண்டுக்காக வாதிட்டவர்கள் எல்லோரும் மரபை அறியாதவர்கள் அல்லர். திறந்த நாற்காலியில் சக்கர நாற்காலிக்காரர் ஏற முடியாது. கைக்குழந்தையோடு வரும் தாய் தயங்குவாள். முழங்கால் தளர்ந்த முதியவர் நிலையத்திலேயே நின்றுவிடுவார். அந்த மலை அவர்களுக்கும் உரியது. அழகிய பழைய ஏற்றிக்காகக் கண்ணீர் விடும் நாம், அதில் ஒருநாளும் ஏற இயலாதவரை ஒரு கணம் நினைத்தோமா? இக்கேள்வியை நம்மில் ஒருவர் எழுப்பியபோது மற்றவர்களிடம் விடையில்லை.

பாதுகாப்பு என்ற வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பழையது ஆபத்து, புதியது பத்திரம் என்பது அரை உண்மை. 1995 டிசம்பரில் கனடாவின் விஸ்லரில் இருவர் உயிரிழந்தது பழைய ஏற்றியில் அன்று. கட்டிச் சில ஆண்டுகளே ஆன அதிவேக ஏற்றியில், பிடிகள் வடத்தில் நழுவி நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. 2018 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டின் குடவுரியில் ஏற்றி பின்னோக்கி ஓடியதையும், மக்கள் நாற்காலியிலிருந்து குதித்ததையும் உலகமே படக்காட்சியில் கண்டது. எனினும் இதைக் காட்டி, பழையதைத் தொடாதே என்று நம்மவர்கள் வாதிடுவது அதைவிடப் பெரிய பிழை. உலோகம் சோர்வடையும். வெளியே தெரியாத விரிசல் ஏக்கத்துக்கு இரங்காது. மேட் ரிவர் கிளென் மக்கள் பழைய இரும்பை வணங்கிக்கொண்டு நிற்கவில்லை. அவிழ்த்துப் பார்த்தார்கள், மாற்ற வேண்டியதை மாற்றினார்கள். அப்படியானால் அது பழைய ஏற்றிதானா என்று கேட்போர் உண்டு. தனியாக அமர்ந்து, காற்றையும் மரங்களையும் தவிரத் துணையின்றி மேலே செல்லும் அந்தப் பயணம் பழையதுதான். காக்கத் தகுந்தது அதுவே என்பது நமது துணிபு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏற்றியைக் காப்பது இரும்பு மட்டுமன்று. காலையில் முதல் ஆள் அமருமுன் வடத்தை ஓடவிட்டுப் பார்ப்பவர், கப்பி ஒன்றின் ஓசை நேற்றைப் போல் இல்லையே என்று காது கொடுப்பவர், ஏறுமிடத்தில் இருக்கையின் உயரம் மாறாதபடி நாள் முழுதும் பனியை வாரிச் சமன் செய்பவர், தடுமாறும் குழந்தையைக் கண்டதும் நிறுத்தப் பொத்தானில் கை வைப்பவர்: இவர்கள் இல்லாமல் எந்த ஏற்றியும் இல்லை. வடம் கப்பியை விட்டு விலகினால் முறிந்து மின்சுற்றைத் துண்டிக்கும் சிறு தண்டுகள் தூண்களில் உண்டு. அவை முறிந்ததும் ஏற்றி நிற்கும். ஆனால் நின்றது ஏன் என்று அறிந்து, மீண்டும் ஓட்டலாமா என்று முடிவெடுப்பது மனிதர். நம் புகைப்படங்களில் தூண் இருக்கிறது, பெருஞ்சக்கரம் இருக்கிறது, தயாரிப்பாளர் பெயர்த்தகடு இருக்கிறது. பனி வாரும் அந்த மனிதர் இல்லை. இது நமது குறை.

ஆகவே நமது நிலை இது. ஏற்றியைப் பயன்படுத்துவோரே அதன் செலவையும் ஏற்க முன்வரும் இடத்தில், சுமை தாங்கும் உறுப்புகள் அனைத்தையும் புதுப்பிக்கும் துணிவும் இருந்தால், பழைய ஏற்றி ஓடட்டும். அவ்விரண்டும் இல்லாத இடத்தில் அதை மரியாதையோடு நிறுத்துவதே முறை. ஊரார் உயிரைப் பணயம் வைத்து நம் ஆசையை ஓட்டக் கூடாது. அதேபோல், கூட்டத்தைப் பெருக்கும் வணிக ஆசையைப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டி விற்பவரிடம், ஆறு விநாடிக் கணக்கை எடுத்து வைத்து விளக்கம் கேட்கும் கடமை நமக்கு உண்டு. நிற்கப்போகும் ஏற்றிகளுக்குச் செய்யக்கூடியது ஒன்றே: நிற்குமுன் போய் அமர்வோம், அளப்போம், எழுதி வைப்போம். ஓட்டியவரிடம் பேசி, அவர் காது அறிந்த ஓசைகளையும் எழுதி வைப்போம். வடத்தை வேண்டும்போது மீண்டும் பின்னிக்கொள்ளலாம்; அவர் சொல்லாமல் போனதை எவராலும் பின்னித் தர இயலாது.