மதகுக்குக் கீழே உள்ள வயலுக்காக ஒரு கடிதம் எழுதுங்கள்

ஏரிக்கரைத் தெருக்களிலும், காலனியிலும், புது நகர்களிலும், அடுக்ககங்களிலும் குடியிருக்கும் நம் ஊராட்சி மக்கள் அனைவருக்கும்,

நம் ஏரி மதகுக்குக் கீழே இருக்கும் நஞ்சை நிலத்தை விவசாய வகைப்பாட்டிலிருந்து கலப்புக் குடியிருப்பு வகைப்பாட்டுக்கு மாற்றித் தரும்படி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சிஎம்டிஏ) விண்ணப்பம் போயிருக்கிறது. நாளிதழின் உள்பக்கம் ஒன்றில், புல எண்களும் கிராமத்தின் பெயரும் மட்டும் போட்டுச் சின்ன அறிவிப்பாக அது வந்தது. பலர் கண்ணில் பட்டிருக்காது. ஆட்சேபணை உள்ளவர்கள் 21 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று அதில் இருக்கிறது. கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் உங்கள் ஒவ்வொருவரின் கடிதமும் எழும்பூரில் உள்ள குழும அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

இந்த 21 நாளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று சிலர் கேட்டார்கள். சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. எந்தப் புல எண்ணில் வீடு, எதில் தொழிற்சாலை, எதில் விவசாயம் என்று அதுதான் பிரித்து வைத்திருக்கிறது. நம் வயல் அதில் விவசாயம் என்றே இருக்கிறது. அதை மாற்றுவதற்கு முன்னால் பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்பது நடைமுறை. மாற்றியான பிறகு நம்மை யாரும் கேட்கப்போவதில்லை. திட்ட அனுமதி, கட்டட வரைபடம், தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் விண்ணப்பதாரருக்கும் அலுவலகங்களுக்கும் நடுவே முடிந்துவிடும். மண் லாரி வந்து நிற்கும்போது நாம் ஓடிப்போய் மறித்தால், அனுமதி உத்தரவைக் காட்டுவார்கள். நம் வார்த்தைக்குச் சட்டத்தில் இடம் இருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

இனி அந்த நிலத்தைப் பற்றி. மேற்கே உள்ள ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் கலங்கல் தாண்டி நம் ஏரிக்கு வருகிறது. நம் ஏரி நிரம்பினால் போக்குக் கால்வாய் வழியே இந்த வயலுக்குள் இறங்கி, பரவி, அடுத்த தாங்கலுக்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். இப்படிச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் தண்ணீர் பள்ளிக்கரணையை நம்பி இருக்கிறது. கால்வாய் புல வரைபடத்தில் மெல்லிய இரட்டைக் கோடாகத் தெரியும். ஆனால் பெருமழையில் தண்ணீர் அந்தக் கோட்டுக்குள் அடங்குவதில்லை. வயல் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாள் அங்கே நின்று, மெல்ல வடிகிறது. நம் தெருக்களுக்கு அது அத்தனையும் வந்துவிடாமல் இருப்பதற்குக் காரணம் அந்த வயல் அதைத் தாங்கிக்கொள்வதுதான்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. ஒரு ஏக்கரில் அந்த மழை விழுந்தால் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் 165 லாரிக்கு மேல், ஒரு ஏக்கருக்கு மட்டும். மேலே உள்ள ஏரிகளிலிருந்து இறங்கி வருவது இந்தக் கணக்கில் சேரவில்லை. வயலை மேடாக்கிவிட்டால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்? மேடாக்கத்தான் செய்வார்கள். இப்படிப்பட்ட தாழ்வான மனைகளுக்கு நீர்வளத்துறை தடையின்மைச் சான்று கொடுக்கும்போது, நிலத்தை இவ்வளவு உயரத்துக்கு மண் கொட்டி நிரப்ப வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வழக்கம். அந்த நிபந்தனை உள்ளே வரப்போகிறவர்களைக் காக்கும். சுற்றிலும் ஏற்கெனவே இருக்கிறவர்களின் வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளிவிடும். மழைநீர் சேகரிப்புக் குழிகள் வெட்டுவோம் என்பார்கள். நிலத்தடி நீர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கார்த்திகை மாதத்தில் அந்தக் குழிகள் எதையும் உறிஞ்சுவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் கீழ்த்தெருக்களில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மின்சாரம் இல்லை, பால் இல்லை, கைக்குழந்தையோடு இருந்தவர்களை மாடிக்கு மாற்றினோம். அப்போது வயல் வயலாக இருந்தது. அது இருந்தும் அவ்வளவு ஏறியது. இல்லாவிட்டால் என்ன என்பதை ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சுவரைப் பார்த்து யோசிக்க வேண்டுகிறோம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் பரப்பு 1,247 எக்டேருக்குச் சற்று மேல். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் ஆய்வு முடியும்வரை கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. நம் வயல் அந்த ஒரு கிலோமீட்டருக்கு வெளியே இருக்கிறது. விண்ணப்பதாரர் தரப்பில் இதைத்தான் முதலில் சொல்வார்கள். தண்ணீருக்கு அந்தக் கிலோமீட்டர் தெரியாது. சதுப்பு நிலத்துக்கு வரும் வழியை அடைத்துவிட்டுச் சதுப்பு நிலத்தை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்ற முடியாது என்பதை நம் கடிதங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும்.

எத்தனை வீடு வரும் என்று பலர் கேட்கிறார்கள். வரைபடம் இன்னும் யாருக்கும் காட்டப்படவில்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளை வைத்து ஓரளவு கணக்கிடலாம். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, சாதாரண அடுக்ககத்துக்கு 2, 18.30 மீட்டரைத் தாண்டும் உயர் கட்டடத்துக்கு 3.25 வரை. ஆயிரம் சதுர அடி வீடு என்றால் ஏக்கருக்கு முதல் வகையில் 80-க்கு மேல், இரண்டாவது வகையில் 140 வரை. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 80 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர்: ஏக்கருக்குத் தினமும் 43,000 லிட்டர். நம் ஊரில் இன்னும் குழாய்த் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. பாதாளச் சாக்கடை இல்லை. ஆகவே தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் லாரியிலிருந்தும் வரும். கழிவு லாரியில் போகும். ராத்திரியில் கழிவுநீர் லாரிகள் எங்கே திறந்துவிடுகின்றன என்பதை ஏரிக்கரையில் நடப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தங்களுக்கு வீடு கிடைத்ததும் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்துகிறார்கள் என்று நம்மைப் பற்றிச் சிலர் பேசுகிறார்கள். இதை எழுதும் எங்கள் குழுவில் அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். இருபது வருடக் கடனில் வீடு வாங்கியவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். சென்னைக்கு வீடுகள் தேவை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஏற்கெனவே குடியிருப்பு வகைப்பாட்டில், மேட்டில், அகலமான சாலையில் உள்ள மனைகளில் எத்தனை மாடி எழுந்தாலும் நாங்கள் ஆட்சேபணை சொல்லப்போவதில்லை. நாங்கள் அஞ்சுவது தண்ணீரின் வழியில் குடிவைப்பதைத்தான். கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. வந்த இடத்திலும் பெருமழைக்குத் தண்ணீர் அவர்களைச் சூழ்ந்து நின்றது. தண்ணீரின் வழியில் மறுபடியும் மனிதர்களைக் குடிவைக்காதீர்கள் என்று கேட்பது, நாளை அங்கே வரப்போகிறவர்களுக்காகவும்தான்.

நிலத்தை விற்றவர்கள்மேல் யாரும் கோபப்பட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறோம். மதகு பழுதாகி, கால்வாயில் குப்பை அடைத்து, நாற்று நட ஆள் கிடைக்காமல், ஒவ்வொரு போகமும் நட்டமாகி விற்றவர்கள் அவர்கள். அவர்கள் நம் ஊர்க்காரர்கள். அந்த நிலத்தில் காவலுக்கு அமர்த்தப்பட்டிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியிடமும் வார்த்தை தடிக்கக்கூடாது.

கடிதம் எழுதும்போது சிலவற்றைக் கவனியுங்கள். ஒரே வாசகத்தை நூறு நகலெடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பினால் அதை ஒரே மனுவாக எண்ணிவிட வாய்ப்பிருக்கிறது. நான்கு வரியானாலும் உங்கள் கையால், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். உங்கள் வீட்டில் எந்த வருடம் எவ்வளவு தண்ணீர் வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது. கைபேசியில் 2015, 2023 படங்கள் இருந்தால் தேதியோடு அச்செடுத்து இணையுங்கள். அறிவிப்பில் உள்ள புல எண்களைத் தவறாமல் குறிப்பிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் ‘அ’ பதிவேட்டு நகலும் கேட்டிருக்கிறோம். கிடைத்ததும் வேண்டுவோருக்குப் பிரதி தருவோம். வீட்டு விலை குறையும், காற்று வராது, கூட்டம் சேரும் என்றெல்லாம் எழுத வேண்டாம். தண்ணீரின் வழியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் குழுமத்தால் எளிதில் கோப்பை மூட முடியாது.

உறுப்பினர் செயலர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர், சென்னை 600008 என்ற முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நகல் ஒன்று செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று நீர்வளத்துறைக்கு, ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு. அடுத்த கிராம சபையில் இந்த நிலத்தின் வகைப்பாட்டை மாற்றக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவர ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம். அன்றைக்கு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வாருங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இட்டால்தான் எண்ணிக்கையில் வருவீர்கள்.

இந்த ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து ரேஷன் கடைக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். எழுதத் தெரியாத பெரியவர்கள் வந்து சொன்னால் போதும், சொல்வதைச் சொன்னபடியே எழுதித் தருவோம். ஆயக்கட்டில் உழுதவர்களும், நீர்க்கட்டி வேலை பார்த்த குடும்பத்தாரும் அவசியம் வர வேண்டும். பழைய கால்வாய் எந்த வரப்போரம் திரும்பியது என்பது வரைபடத்தைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த வாக்குமூலம் தனிக் கடிதமாகப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஏரிக்கரைப் பகுதிக் குடியிருப்போரும் ஆயக்கட்டு விவசாயிகளும்