சத்தமில்லாம செத்த ஸ்கிரிப்ட்டும் விளாத்திகுளம் வத்தலும்

இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு மேட்டரை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம், பயப்படாதீங்க :-)

பைத்தான் கத்துக்கிட்ட எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வேலை முடிஞ்சதும் அந்தக் கறுப்புத் திரையில 'எக்சிட்'னு அடிப்போம். அது நம்மளை விடாது. "எக்சிட் பக்கத்துல அடைப்புக்குறி போடு, இல்லாட்டி கன்ட்ரோல்-டி அழுத்து"ன்னு பாடம் எடுக்கும். நான் என்ன கேக்குறேன்னு அதுக்குப் புரியுதுல்ல, அப்புறம் என்ன வீம்பு? 2024 அக்டோபர்ல வந்த 3.13ல இருந்துதான் வெறும் 'எக்சிட்'டுக்கே கதவைத் திறக்குது.

அது போகட்டும். நாம பக்கத்துல இருக்கும்போது புரோகிராம் எப்படி முடிஞ்சா என்ன? நாம இல்லாத நேரத்துல எப்படி முடியுதுங்கிறதுதான் விஷயம். இதை எனக்குப் புரிய வச்சது ஒரு பாட்டி.

எனக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம். கரிசக்காடு, வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, மல்லி, மிளகாய்னு போடுவாங்க. மாசி, பங்குனியில வத்தல் மூட்டை மூட்டையா வந்து இறங்கும். எங்க மாமா அங்கே ஒரு சின்ன கமிஷன் கடை வச்சிருக்கார். "இஞ்சினியருக்குப் படிச்சியே மாப்ள, கடைக்கு ஏதாவது பண்ணிக் குடேன்"னு கேட்டார். ஒரு பழைய கம்ப்யூட்டர்ல உபுண்டு போட்டு, பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தேன். கடைப் பையன் எடைச் சீட்டை எல்லாம் ஒரு ஃபைல்ல அடிப்பான். சாயங்காலம் ஸ்கிரிப்ட் ஓடி, யார் யாருக்கு எவ்வளவு பணம்னு பட்டியல் போடும். ஸ்கிரிப்ட் நல்லபடியா முடிஞ்சா மட்டும் பட்டியல் பிரிண்டருக்குப் போற மாதிரி கமாண்ட்.

போன மார்ச்ல ஒரு நாள், 63 சீட்டு. 42-வது சீட்டுல பையன் எடையை 38.5ன்னு அடிக்காம நடுவுல ரெண்டு புள்ளி வச்சுட்டான். பைத்தானுக்கு அது எண்ணே கிடையாது, எக்ஸெப்ஷன் வரும். அய்யா என்ன பண்ணி வச்சிருந்தேன்னா, கடைக்காரங்க சிவப்பா தப்புச்செய்தியைப் பார்த்தா மிரண்டுடுவாங்கன்னு, எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் பிடிச்சு, ஒண்ணும் சொல்லாம 'சிஸ் டாட் எக்சிட்' போட்டு வெளியேறுற மாதிரி எழுதியிருந்தேன். நாசூக்காம்!

அந்த எக்சிட்டுக்கு உள்ளே எதுவும் குடுக்கலைன்னா அது 0ன்னு சொல்லிட்டுப் போகும். லினக்ஸ்ல 0ன்னா 'எல்லாம் சுபம்'. பிரிண்டர் நம்பிடுச்சு. 41 பேரோட பட்டியல் அழகா வெளியே வந்துச்சு.

மறுநாள் காலையில பஸ் ஏறி வந்த பாட்டியோட சீட்டு அந்த மிச்ச 22ல ஒண்ணு. கணக்கு பார்க்கிறவர், "உங்க பேரு இல்லையே ஆத்தா, நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பிட்டார். மழைய நம்பி விளைஞ்ச வத்தலோட காசு. அதுக்கு ரெண்டு நாள், ரெண்டு தடவை பஸ் செலவு.

இதுல கொடுமை என்னன்னா, நான் அந்தப் பிடிக்கிற வேலையே பண்ணாம சும்மா இருந்திருந்தா, பைத்தானே கத்திக் கூப்பாடு போட்டு, 1ன்னு சொல்லிட்டு செத்திருக்கும். பிரிண்ட் வந்திருக்காது. அன்னிக்கு ராத்திரியே மாமா எனக்கு போன் போட்டிருப்பார். என் நாசூக்குதான் தப்பை மறைச்சிருக்கு.

அதனால என் கட்சி இதுதான்: சுத்தமா முடியறதுன்னா உண்மையைச் சொல்லிட்டு முடியறது. நம்மாளுங்க பலர் சத்தமில்லாம முடிஞ்சா சுத்தம்னு நினைச்சுக்கிறோம். மாமா கடையில எடை போடுறவர்கூட ஒவ்வொரு மூட்டைக்கும் எடையை நாலு பேருக்குக் கேக்குற மாதிரி கூவித்தான் சொல்வார். ஸ்கிரிப்ட்டுக்கும் அதே நியாயம்தான்.

அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்ட பழக்கங்கள்:

1. எக்சிட் ஒரே இடத்துல, ஸ்கிரிப்ட்டோட கடைசியில மட்டும். உள்ளே இருக்கிற ஃபங்ஷன் எல்லாம் எக்ஸெப்ஷன் எழுப்பட்டும். அதுங்களுக்குக் கடையைச் சாத்துற அதிகாரம் கிடையாது.

2. சிஸ் டாட் எக்சிட்டுக்குள்ள ஒரு வாக்கியம் குடுத்தா, அதைத் திரையில போட்டுட்டு 1ன்னு சொல்லி முடியும். இப்ப "42-வது சீட்டுல எடை தப்பா இருக்கு"ன்னு தமிழ்லயே வருது. யாரும் மிரளலை.

3. தப்போட எண்ணிக்கையை எக்சிட் கோடா குடுக்காதீங்க. லினக்ஸ்ல அது 0ல இருந்து 255 வரைக்கும்தான். 256 தப்பு நடந்தா மறுபடியும் 0, எல்லாம் சுபம்!

4. வெறும் 'எக்ஸெப்ட்' வேண்டவே வேண்டாம். சிஸ் டாட் எக்சிட்டே உள்ளுக்குள்ள ஒரு எக்ஸெப்ஷன்தான், அதையும் சேர்த்து முழுங்கிடும். 2006ல வந்த 2.5ல அதைப் பொதுவான எக்ஸெப்ஷன் குடும்பத்துல இருந்து தனியாப் பிரிச்சதே இந்தத் தொல்லைக்காகத்தான்.

5. ஓஎஸ் மாட்யூல்ல அடிக்கோடு போட்ட எக்சிட் ஒண்ணு இருக்கு. அது ஃபைனலி பார்க்காது, எழுதி முடிக்காத ஃபைலைப் பத்திக் கவலைப்படாது. அப்படியே பின்பக்கமா குதிச்சு ஓடிடும். சாதாரண வேலைக்கு அந்தப் பக்கமே போகாதீங்க.

6. பட்டியலை முதல்ல தற்காலிக ஃபைல்ல எழுதி, முழுசா முடிஞ்ச பிறகு ஓஎஸ் டாட் ரீபிளேஸ் வச்சுப் பேரை மாத்துங்க. கரண்ட் போனா எந்த ஃபைனலியும் ஓடாது. ஆனா பாதிப் பட்டியல் முழுப் பட்டியல் மாதிரி வேஷம் போட முடியாது.

ஆபீஸ்லயும் இதே கதைதான். டாக்கர்ல ஸ்டாப் அடிச்சா முதல்ல சிக்டெர்ம்னு மரியாதையா ஒரு சிக்னல் போகும், வழக்கமா 10 விநாடி பொறுக்கும், அப்புறம் சிக்கில், ஒரே போடு. பைத்தான்ல அந்த முதல் சிக்னலைப் பிடிக்க நாமதான் எழுதணும். எழுதலைன்னா ஃபைனலிகூட ஓடாம உயிர் போயிடும். எத்தனை பேர் எழுதுறோம்? புரோகிராம் ஆரம்பிக்கிற அழகுக்கு டெமோ காட்டி கைதட்டு வாங்குறோம். முடியுற விதத்தை ஒரு ரிவ்யூவிலாவது யாராச்சும் கேட்டிருக்காங்களா?

டிஸ்கி: அடுத்த வாரம் ஊருக்குப் போனப்போ அந்தப் பாட்டி கடைக்கு வந்திருந்தாங்க. மாமா என்னைக் காட்டி, "இவன்தான் எழுதினது"ன்னு போட்டுக் குடுத்துட்டார். பாட்டி கோபப்படலை. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லச் சொல்லு தம்பி உன் பொட்டிய, நான் உக்காந்துருப்பேன்ல"ன்னாங்க. நான் பஸ் காசு குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க.