தலைகளை எண்ணும் சுற்றுலா

கீழடியில் அகழாய்வுக் குழிகளையே காட்சிப்பொருளாக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கொந்தகையில் 18 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் எழுந்து 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 62 கோடி ரூபாய்க்கு மேல் விழுங்கி 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கம் ஆகியவற்றின் வரிசையில் இது மூன்றாவது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களின் பொருளாதாரத்தைச் சுற்றுலா கைதூக்கிவிடும் என்பது இக்கட்டடங்கள் அனைத்துக்கும் சொல்லப்படும் நியாயமாக இருக்க, எந்த ஊரில் எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு வருமானம் கூடியது என்ற கேள்வியை மட்டும் திறப்பு விழா மேடைகள் கவனமாகத் தவிர்த்துவிடுகின்றன.

அரசுகள் பெருமையோடு எடுத்துக்காட்டுவது ஒரே எண்ணைத்தான்: வந்தவர்களின் எண்ணிக்கை. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி 2019இல் தமிழகத்துக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 49 கோடிக்கும் மேல்; 2023இல் ஏறத்தாழ 28.6 கோடி. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தின் மக்கள்தொகை 7.21 கோடி, நாட்டின் மக்கள்தொகை 121 கோடி. 2019ஆம் ஆண்டின் எண்ணை ஆட்களின் எண்ணிக்கை என்று கொண்டால், ஐந்து இந்தியர்களில் இருவர் அந்த ஒரே ஆண்டில் தமிழ் மண்ணை மிதித்துச் சென்றிருக்க வேண்டும். எண்ணப்பட்டவை வருகைகளே; மீனாட்சியம்மன் கோயில், திருப்பரங்குன்றம், அழகர்கோவில் என்று ஒரே நாளில் சுற்றிவிட்டு விருதுநகருக்குத் திரும்பும் ஒரு குடும்பம் இத்தகைய கணக்கில் எத்தனை முறை ஏறியிருக்கும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. வெளிநாட்டினரின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 2019இல் 68 லட்சமாக இருந்த அவர்களின் எண்ணிக்கை 2023இல் 12 லட்சத்துக்கும் கீழே, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக விழுந்தது. கொள்ளைநோய் முடிந்த பிறகும் ஆறில் ஐந்து பங்கு காணாமற்போனது உண்மையென்றால் அது பெரும் தோல்வி. உண்மையில்லை என்றால் முந்தைய எண்களின் மீது கட்டப்பட்ட பெருமிதம் பொய். இரண்டில் எது என்று கேட்க வேண்டியவர்கள் அடுத்த அடிக்கல்லுக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உலகளவில் பின்பற்றப்படும் வரையறைப்படி, ஓரிடத்தில் ஓர் இரவேனும் தங்குபவரே சுற்றுலாப் பயணி. தங்காமல் திரும்புபவர் பகல்நேரப் பார்வையாளர் எனத் தனியே பிரிக்கப்படுகிறார். கிராமப் பொருளாதாரத்தைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, ஏனெனில் இரவு தங்குபவர்தான் இரண்டு வேளையாவது உண்கிறார், வண்டி அமர்த்துகிறார், மறுநாள் காலையில் எதையேனும் வாங்குகிறார். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடிக்கு வருபவரோ நுழைவுக் கட்டணமாகப் பதினைந்து ரூபாய் செலுத்தி, காட்சிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு மதுரைக்கே திரும்பிவிடுகிறார். கட்டணம் அரசுக் கணக்குக்கும், சாப்பாட்டுக் காசும் அறை வாடகையும் நகரத்து விடுதிகளுக்கும் போய்ச் சேர, பேருந்து கிளப்பிய புழுதி மட்டும் ஊராட்சிக்கு மிஞ்சுகிறது. ஒரு வட்டாரத்தைக் காட்டி ஈட்டிய பணம் அந்த வட்டாரத்தில் தங்காமல் வெளியேறுவதைப் பொருளியலாளர்கள் ‘கசிவு’ என்பர். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பானையை வியந்து பார்ப்பவர், அதே வைகைக் கரையில் சற்றுக் கீழே, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டத்தைச் செய்யும் குயவரின் பட்டறைக்குப் போய்ச்சேர்வது தற்செயலுக்கு விடப்பட்டிருக்கிறது. இந்தக் கசிவை எத்தனை கோடிக் கட்டடத்தாலும் அடைக்க முடியாது.

அடைக்கும் வழி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், கோட்டயம் மாவட்டத்தின் குமரகத்தில் இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலோரத்து விடுதிகளால் தங்களுக்கு என்ன லாபம் என்று ஊர்மக்கள் முரண்டுபிடித்த அவ்வூரில், 2008இல் கேரள அரசு ‘பொறுப்புச் சுற்றுலா’ எனும் ஏற்பாட்டைத் தொடங்கியது. விடுதிகளின் சமையலறைக்கு வேண்டிய காய்கறியையும் மீனையும் பிற பொருள்களையும் உள்ளூர் உழவர்களிடமிருந்தும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடமிருந்தும் பெறச் செய்வதும், கள் இறக்குதல், ஓலை முடைதல், வலை வீசுதல் போன்ற அன்றாட வேலைகளையே பயணிகள் கட்டணம் செலுத்திக் காணும் நிகழ்வாக்குவதும் அதன் சாரம். ஐக்கிய நாடுகள் சபையின் உலகச் சுற்றுலா அமைப்பு இம்முயற்சிக்கு யுலிசிஸ் விருது வழங்கியது. 2017இல் கேரளம் இதை மாநிலம் முழுமைக்குமான தனி இயக்கமாக்கியது. குமரகத்தில் காயல் இருக்கிறது, மதுரையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மேலூர் வட்டாரத்துக் கண்மாய்களை ஒருமுறை கரையோரம் நடந்து பார்க்கட்டும்.

முதலில் சாலையும் கட்டடமும் வேண்டும், மக்கள் பங்கேற்பெல்லாம் பிறகு என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். அந்தப் ‘பிறகு’ இதுவரை வந்ததில்லை என்பதால் அதற்கு மேலும் மறுமொழி தேவையில்லை. கிராமத்தாருக்கு விருந்தோம்பத் தெரியாது என்பது, ஊர்த் திருவிழாவுக்கு ஆயிரம் பேருக்குக் கறிச்சோறு போடும் ஒரு நிலப்பரப்பைப் பற்றிச் சொல்லப்படுகிறது. தைத் திருநாளின்போது வெளிநாட்டினரைப் பேருந்தில் ஏற்றிவந்து, தனி மாடத்தில் அமர்த்தி, மாடுபிடியைக் காட்டி, மாலையில் விடுதியில் இறக்கிவிடுவதையே கிராமியச் சுற்றுலா என்று கருதும் அரசு, ஒரு பருவத்தின் விளையாட்டுக்கு 66 ஏக்கரில் அரங்கம் கட்டியதில் வியப்பில்லை. ஊர்களின் பழைய வாடிவாசல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இந்த மனப்போக்கு புதிதும் அன்று. சமணக் குகையும் பாண்டியர் காலக் குடைவரைகளும் கொண்ட யானைமலையையே சிற்ப நகரமாக்குகிறோம் என்று ஒரு திட்டம் சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கிளம்பியதும், ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் எதிர்த்த பின்னரே அது கைவிடப்பட்டதும் மதுரை அறிந்தவை. அந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’, மாதந்தோறும் மக்களைச் சமணப் படுகைகளுக்கு அழைத்துச் சென்று, ஒரு செங்கல்லும் வைக்காமல், அரசு செய்யாத வேலையைச் செய்தது. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, தமிழி கல்வெட்டுகளும் குடைவரைச் சிவன் கோயிலும் ராஜாளிகளும் உள்ள அரிட்டாபட்டியோ, இரண்டே ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 5,000 ஏக்கர் டங்ஸ்டன் சுரங்க ஏலப் பரப்புக்குள் வந்தது. மேலூர் மக்கள் மதுரைவரை திரண்டுவந்த பின்னரே, 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தாயிற்று. சுற்றுலா வந்தால் அரிட்டாபட்டி கெட்டுவிடும் என்று அஞ்சும் இயற்கை ஆர்வலர்கள், அதை வெறும் சுரங்கப் பரப்பாகப் பார்க்க முடிந்தது எப்படி என்று யோசிப்பது நல்லது. ஊருக்கு ஆண்டு முழுவதும் வருமானம் தந்து, அவ்வருமானம் அரசுப் பதிவேட்டிலும் ஏறியிருந்த ஒரு மலையை எந்த அமைச்சகமும் ஏலப் பட்டியலில் சேர்த்திருக்காது.

ஆகவே திறந்தவெளி அருங்காட்சியகத்தின் கதவு திறக்கும் முன்பு சில ஆணைகள் பிறப்பிக்கப்பட வேண்டும். கீழடி, கொந்தகை ஊராட்சிகளுக்கு நுழைவுக் கட்டணத்தில் பாதி சட்டப்படி சேர வேண்டும். வளாகத்துச் சிற்றுண்டிச்சாலையும் விற்பனைக்கூடமும் ஏலத்துக்குப் போகாமல் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பயணிகளைத் தங்கவைக்க விரும்புவோருக்கு உரிமம் கிராம சபையிலேயே கிடைக்க வேண்டும். இவை நடைமுறைக்கு வரும்வரை மதுரை, சிவகங்கை மாவட்டங்களில் சுற்றுலாவின் பெயரால் இன்னொரு மூட்டை சிமெண்டும் இறக்கப்படலாகாது. அடுத்த மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் அவையில் வாசிக்க வேண்டிய எண், இந்த ஊர்களில் பயணிகள் எத்தனை இரவுகள் தங்கினார்கள் என்பதாக இருக்கட்டும்.