வாடிக்கையாளர் உள்ளே வருகிறார்

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூரில் கடை விரித்தபோது சாட்டிலைட் டிஷ் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது என்பது இந்த ஊரில் சலிக்காமல் சொல்லப்படும் கதை. பின்னால் முளைத்த சாப்ட்வேர் கம்பெனிகளில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் இங்கே வேலை செய்பவருக்கும் நடுவில் ஒரு மானேஜர் இருந்தார். அங்கிருந்து வரும் கோபத்தை அவர் வாங்கிக்கொள்வார். இங்கிருந்து போகும் சாக்குப்போக்குகளுக்கு மெருகேற்றி அனுப்புவார்.

அந்த நடு ஆள் மெல்லக் காணாமல் போகிறார். ஸ்லாக், மைக்ரோசாப்ட் டீம்ஸ், சென்னை ஸோஹோவின் கிளிக் எல்லாமே அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ள வந்த செயலிகள். இன்று அவற்றில் வெளியாட்களையும் சேர்க்கலாம். டீம்ஸ் 2017-ல் விருந்தினருக்குக் கதவைத் திறந்தது. ஸ்லாக் 2020-ல் கொண்டுவந்த 'கனெக்ட்' தொடக்கத்திலேயே 20 நிறுவனங்கள் வரை ஒரே சேனலில் உட்கார இடம் தந்தது.

'விருந்தினர்' என்பது செயலிகளே வைத்த பெயர். விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை. தொல்காப்பியம் அந்தப் பொருளில்தான் ஆள்கிறது. பொருத்தம்தான். வருகிறவருக்கு நம் வீட்டுப் பழக்கம் தெரியாது, நாமோ அவர் வருமுன் பேசியதை மறந்திருப்போம். செயலி மறக்காது. டீம்ஸில் தனி அரட்டைக் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் பழைய பேச்சைக் காட்டலாமா என்று கேட்கும். ஒரு டீமிலேயே விருந்தினராகச் சேர்த்தாலோ கேள்வி கிடையாது. பொதுச் சேனல்களின் பழைய பேச்சும் கோப்புகளும் அவர் முன் விரியும். 'இந்த ஆள் மறுபடி மனசை மாத்திட்டாரு' என்று ஆறு மாதம் முன்பு யாரோ எழுதிய வரியும் அதில் இருக்கும்.

மொழிபெயர்ப்புத் தொழிலுக்கும் இது வந்துவிட்டது. எனக்கு வேலை தரும் ஏஜென்சி ஒன்று வாடிக்கையாளரைக் குழுவில் சேர்த்தது. ஒரு சொல்லுக்கு மூன்று மாற்றுகளை வைத்து நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் முதல் மாற்றையே எடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் கழித்துக் கட்டியது அதைத்தான்.

வசதி இல்லாமலில்லை. 'கடைசிக் கோப்பு எது?' என்று பத்து மின்னஞ்சல்களைத் துழாவும் வேலை மிச்சம். சந்தேகத்துக்கு உடனே பதில் கிடைக்கிறது. ஆனால் கதவை எவ்வளவு திறப்பது என்பதில் தயாரித்தவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 2021 மார்ச்சில் ஸ்லாக், வேறு நிறுவனத்தாருக்கும் நேரடியாக அழைப்பு அனுப்பலாம் என்றது. அழைப்போடு சேர்த்து வசவும் அனுப்பலாமே என்று பலர் சுட்டிக்காட்ட, அதில் சொந்தமாகச் செய்தி எழுதும் வசதியை அன்றே எடுத்துவிட்டது.

அதிகம் மாட்டிக்கொள்வது குழுவில் இளையவர். கலிபோர்னியாவில் கோடைக்காலக் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 10.30. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. 'சின்ன மாற்றம்தான்' என்று வாடிக்கையாளர் நேராக அவரிடமே கேட்கிறார். மானேஜர் இருந்திருந்தால் அதற்கு ஒரு விலை சொல்லியிருப்பார். வேலையில் சேர்ந்து ஆறு மாதமான பையன் எப்படிச் சொல்வான்? இரவோடு இரவாகச் செய்துகொடுப்பான். ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, பில்லிலும் வராது.

எனவே அழைக்கும் முன் வெறுமையான புதுச் சேனல் ஒன்றைத் தொடங்குங்கள். பதில் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். ஸ்லாக்கில் விருந்தினர் கணக்கு எந்தத் தேதியோடு முடிய வேண்டும் என்று முதலிலேயே குறித்துவிடலாம். இல்லையென்றால் வேலை முடிந்து, பணமும் வந்து சேர்ந்த பிறகும், யாராவது ஞாபகமாக நீக்கும்வரை அவர் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.