தூசி படிந்த பிரபுக்கள்



"பட்டாடைகளையும் மாளிகைகளையும் மூன்று மணிநேரம் காட்டும் ஒரு பழைய படத்தைக் குருவானவர் எதற்காகப் பரிந்துரைக்க வேண்டும்?" என்று திருப்பலி முடிந்தபின் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

லுக்கினோ விஸ்கொந்தி மிலான் நகரப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் பொதுவுடைமைக் கொள்கையைச் சார்ந்து நின்றவர். 1963இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற அவருடைய 'தி லெப்பர்ட்', 1860இல் கரிபால்டியின் படை சிசிலியில் இறங்கிய காலத்தைச் சொல்கிறது. படம் குடும்பச் செபமாலையுடன் தொடங்குகிறது. தோட்டத்தில் ஒரு படைவீரனின் சடலம் கிடக்கும் செய்தி, அந்தச் செபத்தின் நடுவே வந்து விழுகிறது.

பின்னர் அக்குடும்பம் நெடும்பயணம் செய்து டொன்னாபுகாத்தா ஊரை அடைந்து, நேரே ஆலயத்துக்குள் நுழைகிறது. விலையுயர்ந்த உடைகளிலும் முகங்களிலும் வெண்தூசி. அசையாது அமர்ந்திருக்கும் அவர்களைக் கமரா மெல்லக் கடந்து செல்கையில், அவர்கள் கல்லறைச் சிலைகளாகவே தெரிகிறார்கள். முக்கால் மணிநேரம் நீளும் நடனவிருந்திலும் இப்படித்தான்: அத்தனை மெழுகுதிரிகளுக்கும் வால்ட்ஸ் இசைக்கும் அடுத்த அறையில் நிரம்பிய சிறுநீர்ப் பாத்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த ஆடம்பரத்தை வெறும் அலங்காரம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அழிவது எவ்வளவு அழகானது என்று காட்டாமல் அழிவின் கனத்தை எப்படிக் காட்டுவது?

என்னை உறுத்தியவர் இயேசு சபைக் குரு பிர்ரோனே. காமக்கிழத்தியைத் தேடிப் பலேர்மோவுக்குச் செல்லும் இளவரசரின் வண்டியில் அவரும் உடன் செல்கிறார்! கண்டிக்கத் தெரிந்தவர்தாம், ஆனால் உண்பது அந்த வீட்டு உணவு. உங்கள் இல்லங்களில் விருந்துண்டு திரும்பும் எனக்கு அக்காட்சியில் சிரிப்பு வரவில்லை.

இறுதியில், விருந்து முடிந்த விடியலில், இளவரசர் தனியே நடந்து வருகிறார். மரணத் தறுவாயில் இருக்கும் ஒருவருக்கு வழியுணவாக நற்கருணையை ஏந்தி ஒரு குரு செல்கிறார். அதே விடியலில் கிளர்ச்சியாளர்களைச் சுட்டுக் கொல்லும் வெடியோசையும் கேட்கிறது. மாலை விருந்து உடையில் இருந்த அந்தப் பெருமகன் தெருப் புழுதியிலேயே முழந்தாளிடுகிறார். பக்திப் படங்கள் பலவற்றில் நான் காணாத அந்த மண்டியிடலைப் படமாக்கியவர் ஒரு பொதுவுடைமைவாதி.